ஏ-யா, சி-யா?

பி.காம். படித்த யாருக்கும் ஏ.பி.சி. அனாலிஸிஸ் மறக்காது (பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் படித்த கோஷ்டி உட்பட!). ஸ்டோரில் வருஷத்துக்கு அதிகப் பணம் விழுங்கும் சரக்கு ‘ஏ’. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கணும். சொற்பப் பணம் விழுங்கும் சரக்கு ‘சி’. மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

பசுமலையில் எங்கள் தெருவில் ரிட்டயர்டு ஏர்ஃபோர்ஸ்காரர் ஒருவர் இருக்கிறார். ஸ்டோரிலேயே இருபது வருஷம் குப்பை கொட்டியவர். அவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

“தம்பி, இன்ஜின் கையிருப்புல இருக்கு. ஒரு சீல் இல்ல. சாதா ரப்பர் வளையம். விமானம் பறக்குமா?”

“பறக்காதுண்ணே.”

“அப்ப அந்த வளையம் ஏ-யா, சி-யா?”

நான் டீயைக் குடிப்பதில் மும்முரமானேன்.

“பக்கத்து விமானத்துல கழட்டி மாட்டுவோம். அப்புறம் அது நிக்கும். நிக்குதேன்னு ஆளாளுக்கு அதுலயே கை வைப்பாங்க. கடைசியில கூடுதான் மிஞ்சும்.”

இதே தலைவலிக்கு 1960-களில் அமெரிக்க விமானப்படைக்காக மருந்து தேடியவர், ராண்ட் நிறுவனத்தில் இருந்த க்ரெய்க் ஷெர்புரூக். 1968-ல் வெளியான அவருடைய ‘மெட்ரிக்’ முறையை நம் பாஷையில் சொன்னால் இதுதான்: ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக ‘மினிமம் லெவல்’ போடாதே. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, அடுத்த நூறு ரூபாயை எதில் போட்டால் ‘பாகம் இல்லை’ என்று காத்திருப்பது அதிகம் குறையும் என்று பார். அதை விமானதளத்தில் வைப்பதா, மத்திய டிப்போவில் வைப்பதா என்பதையும் சேர்த்தே முடிவு பண்ணு. இந்தக் கணக்கில் மலிவான சரக்கு தாராளமாக வரும். விலையானது அளந்து வரும். நியாயம்தானே!

நம்ம ஊர் நிலவரம்? சுகோய்-30 விமானங்களில் நூற்றுக்கு 75 பறக்கத் தயாராக இருக்க வேண்டும்; இருந்தது 55 முதல் 60 என்று 2015-ல் சி.ஏ.ஜி. அறிக்கை சொன்னது. தஞ்சாவூரில் 2020-ல் வந்த படைப்பிரிவும் சுகோய்தான். யுத்தம் வந்தால் ‘ரெண்டு நாள் கழிச்சு வாங்க’ என்று யாரிடம் சொல்வது?

அதற்காக வாங்கிக் குவிக்கவும் முடியாது. ரப்பர் சீலுக்கு ஆயுசு உண்டு. பிரிக்காத பெட்டியிலேயே மண்டையைப் போட்டுவிடும்.

இதெல்லாம்கூட கணக்குக்கு அடங்கும். அடங்காதது ஒன்று உண்டு. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டது. நம் கடற்படையின் ஸீ கிங் ஹெலிகாப்டர்கள் பிரிட்டனில் செய்தவை. ஆனாலும் உதிரி பாகம் வரவில்லை. பல தரையிலேயே நின்றன. தடை நீங்கியது 2001-ல்.

எங்கள் காஸ்டிங் புத்தகத்தில் ஆர்டர் போட்டு சரக்கு வந்து சேர எப்போதும் ‘4 முதல் 6 வாரம்’தான்!