மரக்காணம்: அம்பாரத்துக்குப் பின்னால் ஓர் ஊர்

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் சாலையோரத்து வெள்ளைக் குவியல்தான். வண்டியை ஓரங்கட்டி ஒரு செல்ஃபி, அப்புறம் இளநீர், அப்புறம் பாண்டி.

அந்தக் குவியலுக்கு அம்பாரம் என்று பெயர். அதன் பின்னால் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம் விரிந்து கிடக்கிறது. உப்பு விளைச்சலில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடி சொல்லப்படுவது விழுப்புரம் மாவட்டத்து இந்த ஊர்தான். ஆந்திரத்தில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிவதும் இங்கேதான். தெற்கே கழுவெளி, பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

ஊரின் வயது சாதாரணமில்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சோழர் காலத்திலும் உப்புக்குப் பேர்போன இடம். பூமீஸ்வரர் கோயில் சுவர்களில் அந்தக் காலத்துக் கல்வெட்டுகள் இன்னும் இருக்கின்றன. செல்ஃபி எடுக்க நிற்பவர்களில் கோயில் வரை போகிறவர் எத்தனை பேரோ!

மழைக்காலம் முடிந்து ஜனவரி வாக்கில் வேலை தொடங்கும். தேங்கிய தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, பாத்தியின் களிமண் தரையைக் காலாலேயே மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் உப்பில் மண் ஏறிவிடும். உவர்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் சுண்டும். கடல்நீரின் அடர்த்தி போமே கணக்கில் ஏறக்குறைய 3 டிகிரி. அது 25-ஐத் தொடும்போது உப்பு பூக்கும்.

நான் போனது ஒரு மார்ச் மாத விடியல். நீண்ட கம்பில் பூட்டிய பலகையால் ஒரு பெண்மணி உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க, மெல்லிய அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம். குதிகாலில் வெடிப்பு, அதில் உப்பு. “எரியாதாம்மா?” என்றேன். “எரியும் சார். மத்தியானம் கண்ணு கூசும் பாரு, அதுக்கு இது தேவலாம்” என்றார். பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவார்களா என்று கேட்டதற்குச் சிரிப்புதான் பதில்.

அவரைப் பார்த்துவிட்டு வந்தபோது, ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள அன்யானா என்ற உப்பு ஊர் நினைவுக்கு வந்தது. அங்கே கடல் இல்லை. மலை ஊற்றில் வரும் உவர்நீரை மரக்கால்வாய்களில் கொண்டுபோய், படிப்படியாகக் கட்டிய மேடைகளில் காயவைக்கிறார்கள். போன நூற்றாண்டில் கைவிடப்பட்டுச் சிதைந்த அந்தப் பள்ளத்தாக்கை மீட்டெடுத்தார்கள். 2017-இல் உலக உணவு வேளாண்மை அமைப்பு அதைப் பாரம்பரிய வேளாண் தலமாக ஏற்றது. பாஸ்க்காரர்களுக்குத் தங்கள் மண்ணின் மேல் அப்படியொரு பிடிவாதம்.  

மரக்காணத்துக்கு நாம் வேறெங்கிருந்தும் பெருமையைக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மழை மூன்று மாதமும் இங்கே கூலி கிடையாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அளம் முழுக்க வெள்ளக்காடு. மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாய் அத்தனை நாளுக்கும் எந்த மூலைக்கு?

அடுத்த முறை பாண்டிக்குப் போகும்போது விடியலிலேயே கிளம்புங்கள். பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் என்றால் நல்லது. வரப்பில் செருப்போடு ஏறாதீர்கள். அது அவர்கள் மிதித்துக் கட்டிய தரை.