காக்கையும் களாம்பழமும்

ஆங்கிலம் கற்கப் புகும் தமிழ் மாணவன் பெயர்ச்சொற்களை விரைவிற் பிடித்துக்கொள்கிறான். வினைச்சொற்களோடு சில மாதங்கள் போராடி, அவற்றையும் ஒருவாறு வசப்படுத்திவிடுகிறான். அவனை இடறி விழச் செய்வது, பார்வைக்கு மிக எளியதாய்த் தோன்றும் ஒன்றுதான். ஒரு பொருளை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து, இது அதனிலும் பெரிது, இது அதனிலும் நல்லது என்று சொல்லும் முறையே அது.

கொட்டாஞ்சேனையில் மாலை வேளைகளில் வளர்ந்தோருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருவதால் இதனை நான் நாள்தோறும் காண்கிறேன். வருவோருட் பலர் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர். சிலர் வெளிநாடு செல்லக் காத்திருப்போர். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே வரும் தாய்மாரும் உளர். பகல் முழுவதும் நின்று களைத்த கால்களோடு வந்து வாங்கில் அமர்வார்கள். அவர்களிடம் இரண்டு பெட்டிகளைக் காட்டிப் பேசச் சொன்னால், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர், "திஸ் இஸ் பிக் தன் தற்" என்பார்கள். "பிக்கர்" என்று திருத்திவிட்டால், மறுநாள் "மோர் பிக்கர்" என்று வந்து நிற்பார்கள்.

இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. "அதைவிட இது பெரிது" என்னும் தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். ஒப்பீட்டின் சுமை முழுவதையும் "அதைவிட" என்னும் சொல்லே தாங்குகிறது. "பெரிது" என்பது தனித்து நின்றபோது எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்திலோ பண்பைக் குறிக்கும் சொல்லே உருமாற வேண்டும். சிறிய சொல்லாயின் ஈற்றில் விகுதி சேரும். நீண்ட சொல்லாயின் முன்னால் "மோர்" வந்து நிற்கும். "குட்" என்பதோ தன் உருவையே இழந்து, வேறொரு வேரிலிருந்து பிறந்த "பெற்றர்" என்னும் சொல்லுக்கு இடங்கொடுத்து ஒதுங்கிவிடும். திராவிட மொழிகளிற் பண்புச்சொற்கள் ஒப்பீட்டுக்கென விகுதி ஏற்பதில்லை என்பதை 1856ஆம் ஆண்டு வெளியான தமது ஒப்பிலக்கண நூலிற் கால்டுவெல் எடுத்துக் காட்டியுள்ளார். ஆகவே "பிக் தன்" என்று சொல்லும் இளைஞன் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் நெறியிற் கோக்கிறான்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. சிங்களத்திலும் ஒப்பீடு இவ்வாறே நடைபெறுகிறது. "வடா" என்னும் சொல் ஒப்பிடப்படும் பொருளை அடுத்து நிற்கும், பண்புச்சொல் மாறாது. அதனால், என் வகுப்பில் அருகருகே இருக்கும் தமிழ் இளைஞனும் சிங்கள இளைஞனும் ஒரே இடத்தில், ஒரே விதமாகச் சறுக்குகிறார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்று வகுத்தது. அவர்களுடைய பிழையும் ஓர் இணைப்புத்தான் என்று நான் சொல்ல, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தைக் "கடுவ", அதாவது வாள், என்று சிங்கள இளைஞர் குறிப்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. வாளைக் கண்ட அச்சம் தணியவேண்டுமாயின், முதலில் ஒருமுறை சிரிக்க வேண்டும். ஷேக்ஸ்பியரும் தமது "ஜூலியஸ் சீசர்" நாடகத்தில் இத்தகைய இரட்டை ஒப்பீட்டைக் கையாண்டிருக்கிறார் என்றும், அக்காலத்தில் அது பிழையெனக் கருதப்படவில்லை என்றும் சொல்லி வைப்பேன். இளைஞர்களின் முகம் சற்றே மலரும்.

நம் இலக்கணகாரர் ஒப்பீட்டைப் பற்றிச் சிந்தியாதவர் அல்லர். ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒப்பு என்பதையும் ஒன்றாக வைத்தார் நன்னூலார். அதற்கு வழிவழியாக ஆசிரியர் காட்டிவரும் எடுத்துக்காட்டில் ஒரு காக்கையும் ஒரு களாம்பழமும் வரும். அந்த வாக்கியத்துக்குக் களாம்பழம் காக்கையைப் போலக் கரியது என்றும் பொருள் கொள்ளலாம். காக்கையினும் கரியது என்றும் கொள்ளலாம். உவமையும் உறழ்ச்சியும் ஓர் உருபுக்குள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. ஆங்கிலம் இதற்கு இடங்கொடாது. போல என்றால் ஒரு சொல், விட என்றால் வேறொரு சொல் என்று கண்டிப்பாகப் பிரித்துவிடும். அந்தக் கண்டிப்பு மாணவனுக்கு நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் கேளாத ஒரு கேள்வியைத் தொல்காப்பியர் கேட்டிருக்கிறார். எதனை வைத்து ஒப்பிடுகிறாய் என்பதே அது. வினை, பயன், வடிவு, நிறம் என நான்கு அடிப்படைகளை அவர் வகுத்தார். இந்தக் கேள்வியைக் கேளாமல் நடத்தப்படும் ஒப்பீட்டுப் பாடம் என்ன செய்யும் என்பதை, என் வகுப்புக்கு வந்த ஒரு தாயிடம் அறிந்தேன்.

எழுத்திலே அவர் கெட்டிக்காரர். பயிற்சித் தாளிற் பிழை காண்பது அரிது. ஆனால் வாய் திறந்து ஓர் ஆங்கிலச் சொல்லும் சொல்லமாட்டார். பல வாரங்கள் சென்றபின், ஒருநாள் எல்லோரும் போனதும் காரணத்தைச் சொன்னார். சிறு வயதில், அவர் படித்த பாடசாலையில், ஒப்பீட்டுப் பாடத்துக்கென்று மூன்று சிறுமியரை முன்னே அழைத்து நிறுத்தினார்களாம். முதலாமவளைக் காட்டி "டார்க்" என்றும், இரண்டாமவளைக் காட்டி "டார்க்கர்" என்றும், மூன்றாமவளைக் காட்டி "டார்க்கஸ்ற்" என்றும் வகுப்பு முழுவதும் உரக்கச் சொல்லிற்றாம். மூன்றாவதாக நின்றவர் அவரே.

"அந்தப் பாடம் எனக்கு நல்லா விளங்கினது, சேர். இன்றைக்கும் மறக்கேல்லை. அதுக்குப் பிறகு இங்கிலீசிலை வாய் திறக்கத்தான் மனம் வரேல்லை" என்றார்.

அன்றிலிருந்து என் வகுப்பில் இரண்டு விதிகள். மனிதரை மனிதரோடு ஒப்பிட்டு வாக்கியம் அமைத்தல் கூடாது. பொருள்களை ஒப்பிடும்போது, எதனை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒப்பிடுவதற்குக் கொட்டாஞ்சேனையிற் பொருள்களுக்கா குறை? ஒல்லாந்தர் 1749இற் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் இருக்கிறது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் இருக்கிறது. வானத்தை அண்ணாந்து பார்த்தால், 2019இல் திறந்துவைக்கப்பட்ட, ஏறத்தாழ 350 மீற்றர் உயரமுள்ள தாமரைக் கோபுரம் தெரிகிறது. உயரத்திற் கோபுரத்தை வெல்ல ஒன்றுமில்லை. பழைமையில் அதுவே எல்லாவற்றிலும் இளையது. சிவாலயத்தின் வயது என்ன என்று கேட்டால், வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். பொன்னம்பல முதலியார் அதனை நிறுவிய 1856ஆம் ஆண்டிலிருந்து எண்ண வேண்டும் என்பர் சிலர். அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை அதனைக் கருங்கல்லாற் புதுக்கிய காலத்திலிருந்து எண்ண வேண்டும் என்பர் மற்றையோர். "ஓல்டர்" என்னும் ஒரு சிறு சொல், வழிபாட்டின் வயதா, கட்டடத்தின் வயதா என்று அவர்களை நின்று கேட்க வைக்கிறது.

அட்டன் பக்கத்திலிருந்து வந்து, புறக்கோட்டையில் ஒரு தேயிலைக் கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தம் தொழிலையே பாடமாக்கினார். கொழும்பிலே தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அதற்கு முன்னோடியாகச் சுவைஞர்கள் ஒவ்வொரு மாதிரியையும் கரண்டியில் எடுத்து, ஓசையுடன் உறிஞ்சி, நாவிற் புரட்டி உமிழ்ந்துவிட்டு, அதற்கு ஆங்கில அடைமொழிகள் சூட்டுவார்கள். சாயத்தில் ஒளி இருந்தால் "பிரைற்". நாவிற் சுறுசுறுப்பாய் உயிர்ப்போடு பட்டால் "பிறிஸ்க்". சாரமின்றி நீர்த்திருந்தால் "தின்". உயிரற்றுக் கிடந்தால் "பிளாற்". இச்சொற்களாலே விலை ஏறும், இறங்கும். நம் வீட்டுக் கிழவியும் அறிந்த துவர்ப்பு என்னும் சுவைக்கு ஆங்கில அன்றாடப் பேச்சில் எளிய சொல் இல்லை. நல்ல தேநீரின் துவர்ப்பைச் சுவைஞர்கள் "பஞ்சன்ற்" என்று குறிக்கிறார்கள்.

அந்த இளைஞர் "ஹை" என்றால் உயர்ந்த தரம் என்றே எண்ணியிருந்தார். ஏறத்தாழ 4000 அடிக்கு மேலே விளைவது ஹை. 2000 அடிக்கும் 4000 அடிக்கும் இடையே விளைவது மிட். அதற்குக் கீழே விளைவது லோ. இவை நிலத்தின் உயரத்தைக் குறிக்கும் சொற்களே. தேநீரின் நயத்துக்கு அளவுகோல் அல்ல. இலங்கைத் தேயிலையிற் பாதிக்கு மேற்பட்டது தாழ்நிலத்தில் விளைவதுதான். அதன் கடுஞ்சாயத்தை மத்திய கிழக்கு நாட்டார் விரும்பி வாங்குவதால், மலையுச்சித் தேயிலையிலும் அதிக விலைக்கு அது போவதும் உண்டு. இதனைக் கேட்டு இளைஞர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"சேர், எங்கம்மா நாப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. அவங்களுக்கு இந்தச் சொல்லெல்லாம் தெரியாது. ஆனா இலையைத் தொட்டாலே எது இளசு, எது முத்தல்னு சொல்லிடுவாங்க" என்றார்.

"அதனையே எழுதுங்கள், தம்பி. எதனை வைத்து ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்" என்றேன்.

அவர் எழுதிய வாக்கியத்தின் பொருள் இது: தேயிலையை அறியும் வேலையில், என் தாயின் விரல்கள் சுவைஞரின் நாவினும் கூர்மையானவை. "மோர் ஷார்ப்பர்" என்று எழுதியிருந்தார். நான் "மோர்" என்பதை மட்டும் அடித்தேன். வினையை வைத்து ஒப்பிட்ட அந்த வாக்கியத்தை அவர் எழுந்து நின்று வாசித்தபோது, இதுகாறும் வாய் திறவாத அந்தத் தாய், "வெரி குட்" என்று மெல்லச் சொன்னார். அவர் அந்த வகுப்பிற் பேசிய முதல் ஆங்கிலம் அதுவே.

பிள்ளைகளுக்கு ஒப்பீடு கற்பிக்க விரும்பும் பெற்றோருக்கு ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமையிற் சமையலறையிற் பொருளுக்கா பஞ்சம்? தேங்காயையும் செவ்விளநீரையும், பாணையும் பிட்டையும், மிளகையும் மிளகாயையும் எடுத்து மேசையில் வையுங்கள். எது கனம், எது மென்மை, எது உறைப்பு என்று அவர்களே தொட்டும் சுவைத்தும் ஆங்கிலத்திற் சொல்லட்டும். அக்காளையும் தங்கையையும் மட்டும் அந்த மேசைமேல் ஏற்றாதீர்கள்.