378-ஆம் எண் அலமாரி

சொந்த வீட்டுக் கதவு எண்ணே சில நாள் மறந்துபோகிற வயது எனக்கு. ஆனால் 378 என்ற எண் மட்டும் மறப்பதில்லை. நூலகங்களில் பயன்படும் டியூவி பகுப்புமுறையில் உயர்கல்விக்கு உரிய எண் அது. இந்திய உயர்கல்வி என்றால் 378.54.

அரசு எழுத்தரான என்னைப் பணிக்காலத்தின் பிற்பகுதியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு அயற்பணியில் அனுப்பினார்கள். நூல் கொள்முதல் பிரிவில் வேலை. உயர்கல்வியை ஆராய்பவர்களுக்கென்று ஒரு தனித் தொகுப்பு உருவாக்க நூலகர் அப்போதுதான் தொடங்கியிருந்தார்.

"பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டே பல்கலைக்கழகத்தைப் பற்றி எதற்கு சார் தனியாகப் புத்தகம்?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்கெல்லாம் வைத்தியம் தெரிந்துவிடுமா, முசியே?" என்றார். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

முதல் வருடம் வழக்கமான வேலைதான். பதிப்பாளர் பட்டியலில் பேராசிரியர்கள் குறித்துக் கொடுப்பார்கள். நான் டாலர் விலையை ரூபாயாக்கி, நிதி இருப்பைச் சரிபார்த்து, ஆர்டர் அனுப்பி, வந்ததும் வரவுப் பதிவேட்டில் எண் போடுவேன். கிளார்க் கெர், ஆல்ட்பாக் என்றெல்லாம் பெயர்கள் பழக்கமாயின. ஒதுக்கிய பணமும் சீக்கிரம் தீர்ந்தது.

அப்போது நூலகர் சொன்னார்: "கடையில் விற்பதைப் பணம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம். விற்காததை இப்போதே தேட வேண்டும்."

விற்காதது எது என்று பிறகுதான் புரிந்தது. 1917-19 காலத்துக் கல்கத்தா பல்கலைக்கழக ஆணையத்தின் 13 தொகுதிகள், 1948-49 ராதாகிருஷ்ணன் ஆணைய அறிக்கை, 1964-66 கோத்தாரி ஆணைய அறிக்கை. இவற்றோடு மானியக் குழுவின் ஆண்டறிக்கைகள், பட்டமளிப்பு விழா உரைகள், பாடத்திட்டங்கள், கட்டண அறிவிப்புகள், பல்கலைக்கழகங்களின் 'காலண்டர்'கள். இந்தக் காலண்டர் சுவரில் மாட்டுவது அல்ல. விதிகள், ஆட்சிக்குழு உறுப்பினர்கள், இணைப்புக் கல்லூரிகள் எல்லாம் அடங்கிய கனத்த புத்தகம். பதிவாளர் அலுவலகங்களுக்கு, "பழைய பிரதி இருந்தால் அன்புகூர்ந்து அனுப்பவும்" என்று கடிதம் கடிதமாகத் தட்டச்சு செய்தேன். செலவு தபால்தலை மட்டும்தான். தூசி படிந்த கட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. பூர்தியேவும் பாஸ்ரோனும் 1964-இல் எழுதிய 'லே ஸெரித்தியே' பிரெஞ்சுப் பிரதி ஒன்று நன்கொடையாக வந்தது. தலைப்புக்கு 'வாரிசுகள்' என்று பொருள். யாரோ அதைச் சொத்துரிமைச் சட்ட நூல்களோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். நான் பிரித்துப் பார்த்தேன். வீட்டில் படிப்பு இருந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் எவ்வளவு சுலபம், இல்லாத பிள்ளைக்கு எவ்வளவு கடினம் என்று பேசுகிற புத்தகம். பிரெவே முடித்த கையோடு வேலைக்குப் போனவன் நான். மதிய இடைவேளைகளிலேயே அதை முழுக்கப் படித்துவிட்டு, பிறகுதான் 378-க்கு மாற்றினேன்.

ஒருநாள் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் 1823-இலேயே மருத்துவப் பள்ளியும், 1838-இல் சட்டப் பள்ளியும் இருந்தன அல்லவா? அவற்றில் எந்தெந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் படித்தார்கள், யாருக்கு உதவித்தொகை கிடைத்தது என்று தேடிக்கொண்டிருந்தாள். எங்களிடம் இருந்த சென்னைப் பல்கலைக்கழகக் காலண்டர்கள், நம் கல்லூரிகள் அதனோடு இணைந்திருந்த பிற்காலத்துக்குத்தான் உதவின. பிரெஞ்சுக் காலத்துக்கு ஒன்றுமில்லை. "எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்" என்றார் நூலகர். பஸ் பாஸில் வந்துபோகும் பெண் பிரான்சுக்கு எப்படிப் போவாள்? "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. 1970-களில் நான் இளநிலை எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தில் பதிவறையைக் காலி செய்தார்கள். ஒரு மூலையில் பிரெஞ்சில் அச்சான கட்டுகள் கிடந்தன. அங்கே பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "என்னப்பா இது, வேண்டுமா?" என்று மேலாளர் கேட்டார். புரட்டினேன். பள்ளி அறிக்கைகள், தேர்வு முடிவுகள், உதவித்தொகைப் பட்டியல்கள். மேல் கட்டில் சட்டப் பள்ளியின் பெயரைப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. "தற்போது தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் பழைய பேப்பர்க்காரர் தராசோடு வந்தார்.

இதை அந்தப் பெண்ணிடம் அன்று சொல்லத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் நூலகரிடம் சொன்னேன். திட்டவில்லை. "சரி, மிச்சம் இருப்பதைத் தேடுங்கள்" என்றார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீடுகளுக்கு சைக்கிளில் போய் வந்தேன். சில கல்லூரி மலர்கள், இரண்டு மூன்று விவரக்குறிப்பேடுகள், கரையான் அரித்த ஒரு பரிசுப் பட்டியல் கிடைத்தன. அவளுக்கு வேண்டியது மட்டும் கிடைக்கவில்லை. அவள் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கல்லூரி மலர், கட்டண ரசீது, விவரக்குறிப்பேடு ஏதாவது இருக்கும். பேப்பர் கடைக்குப் போடும்முன் ஒரு நூலகத்தைக் கேட்டுவிடுங்கள். பிரெஞ்சில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து படித்துச் சொல்கிறேன். இந்த முறை அவசரப்பட மாட்டேன்.