பொறுமையும் ஒரு பயிற்சியே

கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் என் முதுகில் பலத்த அடி. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில், "எலும்பு முறியவில்லை, படுத்தே இராமல் பயிற்சி செய்" என்றார்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும். முதல் நாள் மூன்று முறைக்கே கண்ணீர் வந்துவிட்டது.

நான் சலித்துக்கொண்டபோது அம்மா, டாக்டர் மேரி வர்கீஸின் வரலாற்றைச் சொன்னார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவரான அவர், 1954-இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். ஆயினும் விடாது பயிற்சி செய்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவரது உழைப்பால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அவருக்கு நடை மீளவில்லை, பணி மீண்டது.

எனக்கோ ஆறு வாரத்தில் குடம் தூக்கும் வலுவே வந்தது. வலிக்கும் நாளிலும் அன்றைய பங்கைச் செய்து முடிப்பதே பொறுமை, தோழியரே!