12 அடி ரூம்… 55 எம்.எம். லென்ஸ்!

ஒரு சின்ன டெஸ்ட் பாஸ். உங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு சுவரை ஒட்டி, முதுகு உரசற மாதிரி நில்லுங்க. எதிர்ச் சுவர் முழுசையும், இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும், ஒரே போட்டோவுல புடிங்க பார்ப்போம்.

மொபைலை எடுத்து 'பாயிண்ட் ஃபைவ்'னு இருக்கறதைத் தட்டுவீங்க. ரெண்டு செகண்ட். வேலை முடிஞ்சுது.

அந்த ஒரு பட்டனுக்காக நான் ஒன்பது மாசம் கல்யாண மண்டபத்துல சாம்பார் வாளி தூக்கினேன். ஏன்னு கேளுங்க.

எங்க அப்பா கும்பகோணத்துல போட்டோ ஸ்டூடியோ வெச்சிருந்தார். ஒரே ரூம். பின்னாடி மலை, ஆறு, அன்னப்பறவை வரைஞ்ச சீனரி ஸ்க்ரீன். அதுக்குப் பக்கத்துல டார்க் ரூம் கதவு. அவரோட ஆயுதம் மமியா சி330. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுனு ரெண்டு கண்ணு வெச்ச, இடுப்புல தொங்கவிட்டு குனிஞ்சு பார்க்கற கேமரா. 1988-ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. எங்க ஊர்ல எத்தனை பேரோட கல்யாணம், காதுகுத்து, காலேஜ் க்ரூப் போட்டோ அதுக்குள்ள போயிருக்குனு கணக்கே கிடையாது.

2022 ஜனவரியில ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமா சொன்னார். ''அடுத்த மார்ச்சோட கடையைக் காலி பண்ணிடறேன்டா. பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும் வெச்சு வாடகை கட்ட முடியலை.''

நான் அப்போ பி.காம். செகண்ட் இயர். என்ன சொல்றதுனு தெரியாம ஆல்பத்தைப் புரட்டிட்டு இருந்தேன். அப்பதான் உறைச்சுது. ஊர்ல உள்ள அத்தனை பேரும் அந்த ஸ்க்ரீன் முன்னாடி நின்னிருக்காங்க. அப்பா மட்டும் ஒரு போட்டோவுலகூட இல்லை. கேட்டா சிரிக்கறார். ''எடுக்கறவன் எப்படிடா போட்டோவுல இருப்பான்?''

முடிவு பண்ணேன். கடையை மூடறதுக்குள்ள, அப்பாவை அவரோட ஸ்டூடியோவுல, அவரோட கேமராவாலயே எடுக்கணும். ஸ்க்ரீன், டார்க் ரூம் கதவு, லைட் ஸ்டாண்ட், எல்லாம் வரணும். மொபைல்ல எடுக்கலாம்தான். எடுத்தும் வெச்சேன். ஆனா அது அந்த கேமராவோட வேலைனு தோணுச்சு.

அங்கேதான் பிரச்னையே!

கேமராவுல இருந்தது 80 எம்.எம். லென்ஸ். சுவரோட ஒட்டி நின்னு பார்த்தா ஸ்க்ரீன் வருது, கதவு வரலை. கதவு வந்தா ஸ்க்ரீன் பாதி காணோம். பின்னாடி போகலாம்னா சுவர். சுவருக்குப் பின்னாடி டெய்லர் கடை!

கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. இந்த கேமராவுக்குப் போடறது 120 ரோல். ஒரு ரோல்ல 12 படம். 'ஆறுக்கு ஆறு'னு சொன்னாலும், ஒவ்வொரு சதுர நெகட்டிவும் நிஜத்துல 56 மில்லிமீட்டர் அகலம். சாதாரண 35 எம்.எம். பிலிம்ல ஒரு படம் 36-க்கு 24 தான். நெகட்டிவ் பெருசா இருக்கறதால லென்ஸ் நம்பரும் மாறிடும். அங்கே 50-னா நார்மல் லென்ஸ். இங்கே 80 தான் நார்மல். அங்கே 80 முகத்தைக் கிட்ட இழுக்கும், இங்கே 55 வைட் ஆங்கிள். நம்பரைப் பார்த்து ஏமாறக்கூடாது!

எவ்வளவு வைட் வேணும்? நெகட்டிவ் அகலத்தை லென்ஸ் நம்பரால வகுங்க. வர்றதை நீங்க தள்ளி நிக்கற தூரத்தோட பெருக்குங்க. அவ்வளவு அகலம் ஃப்ரேமுக்குள்ள வரும். 56-ஐ 80-ஆல வகுத்தா 0.7. பன்னிரண்டு அடி தள்ளி நின்னா எட்டரை அடிகூட முழுசா வராது. 65 எம்.எம். லென்ஸ்னா பத்தேகால் அடி. 55-னா? கிட்டத்தட்ட ஒண்ணு! எத்தனை அடி தள்ளி நிக்கறீங்களோ அத்தனை அடி அகலம். எங்க ஸ்டூடியோ சுவர் 12 அடி. அதிகபட்சம் கேமராவைத் தள்ளி வைக்க முடியறது பன்னிரண்டரை அடி. ஸோ, 55-ஐ விட்டா வேற வழியில்லை.

நல்லவேளை, அப்பா வெச்சிருந்தது மமியா. யாஷிகா மேட், ரோலிஃப்ளெக்ஸ் மாதிரி இரட்டைக் கண் கேமராக்கள்ல லென்ஸைக் கழட்டவே முடியாது. வைட் வேணும்னே ரோலி கம்பெனி 1960-கள்ல 55 எம்.எம். போட்டு தனி கேமராவே செஞ்சாங்க. இப்போ அது கலெக்டர்ஸ் ஐட்டம், நம்ம பட்ஜெட் தாங்காது. மமியா சி வரிசையில 55-லேர்ந்து 250 வரைக்கும் ஏழு விதமான லென்ஸ் உண்டு. ஜோடி ஜோடியா கழட்டி மாட்டலாம். ஹாசல்ப்ளாட் வெச்சிருந்தா 50, 40-னு கிடைக்கும். சொத்தை எழுதி வைக்கணும், அவ்வளவுதான். 1969-ல நிலாவுல ஆம்ஸ்ட்ராங் கையில இருந்ததும் ஹாசல்ப்ளாட்தான். அதுல மாட்டியிருந்தது 60 எம்.எம். பயோகான் லென்ஸ். நிலாவுல பின்னாடி போக தாராளமா இடம் இருந்திருக்கும். எனக்குத்தான் டெய்லர் கடை!

ஒன்பது மாசம் சனி, ஞாயிறு கேட்டரிங் வேலை. 2022 அக்டோபர்ல வெளியூர் ஆள் ஒருத்தர்கிட்ட போன்ல பேசி, பணம் அனுப்பி, லென்ஸ் பார்சல்ல வந்துச்சு. 'மின்ட் கண்டிஷன்' தம்பினு சொல்லியிருந்தார். அப்பா கையில வாங்கினார். டார்ச் அடிச்சு கண்ணாடிக்குள்ள பூஞ்சை இருக்கானு பார்த்தார். இல்லை. ஷட்டரை ஒரு செகண்ட்ல வெச்சு தட்டினார்.

'க்ர்ர்ர்ர்…' அப்படியே நின்னுடுச்சு.

இந்த லென்ஸ்கள்ல ஷட்டர் கேமராவுல கிடையாது, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளயும் தனித்தனியா இருக்கும். வருஷக்கணக்கா சும்மா கிடந்தா எண்ணெய் கெட்டிப்பட்டுடும். 1/125, 1/250 எல்லாம் நல்லா ஓடற மாதிரியே இருக்கும், மெதுவான ஸ்பீடுலதான் வண்டவாளம் தெரியும். நீங்க வாங்கினா நேர்ல போய் ஒரு செகண்ட், அரை செகண்ட் ரெண்டையும் காதால கேட்டுட்டு வாங்குங்க. வித்தவர் அதுக்கப்புறம் போனை எடுக்கலை. சென்னையில ஒரு பழைய மெக்கானிக் பிரிச்சுக் கழுவிக் கொடுத்தார். மறுபடியும் ரெண்டு மாசம் சாம்பார் வாளி!

லென்ஸ் ரெடி. ஆனா நான் ரெடி இல்லைனு மகாமகக் குளம் சொல்லிக் கொடுத்துச்சு.

குளத்தைச் சுத்தி 16 மண்டபம். எல்லாம் ஒரே ஃப்ரேம்ல வரும்னு ஆசையா படிக்கட்டுல நின்னு எடுத்தேன். பிலிமைக் கழுவிப் பார்த்தா மேல பாதி வானம், கீழ பாதி தண்ணி, நடுவுல தீக்குச்சி அடுக்கின மாதிரி மண்டபங்கள். அப்பா பார்த்துட்டு, ''குளத்தை எடுத்தியா, வானத்தை எடுத்தியா?''னார். ''வைட் லென்ஸ் தூரத்துல நிக்கறதுக்கு இல்லைடா. கிட்டப் போறதுக்கு. முன்னாடி ஒரு பொருளை வை, அது பின்னாடி ஊரையே காட்டும்.''

மறுநாள் ஒரு மண்டபத் தூணுக்கு ஏழடி பக்கத்துல போய் எடுத்தேன். தூணோட கல் சொரசொரப்பும் தெரியுது, அக்கரையும் தெரியுது. 55 லென்ஸை எஃப் 16-ல வெச்சு சுமார் பன்னிரண்டரை அடிக்கு ஃபோகஸ் பண்ணிட்டா, ஆறரை அடியிலேர்ந்து கண்ணுக்கெட்டற தூரம் வரைக்கும் ஷார்ப். அதே எஃப் 16-ல 80 லென்ஸ்னா பதிமூணு அடிக்கு அப்புறம்தான் ஷார்ப்பே ஆரம்பிக்கும்.

ஆனா அந்தப் படத்துல நாலு மூலையும் கறுப்பு! 80 லென்ஸோட ஹூட்டை இதுல மாட்டியிருந்தேன். நீளமான ஹூட், வைட் லென்ஸோட ஓரப் பார்வையை மறைச்சிடுச்சு. கேமராவுல பார்க்கறப்போ தெரியலையேனு கேக்கறீங்களா? நாம பார்க்கறது மேல் கண்ணால, படம் எடுக்கறது கீழ் கண்ணால. ஹூட் மாட்டினது கீழ. மேல் கண்ணு என்னைக்கும் அதைக் காட்டிக் கொடுக்காது.

அடுத்த அடி வீட்லயே விழுந்துச்சு. 2023 பொங்கலுக்கு சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. ஹால்ல வரிசையா நிக்க வெச்சு க்ரூப் போட்டோ. ப்ரிண்ட் வந்தது. நடுவுல நின்ன தாத்தா சூப்பர். ஓரத்துல நின்ன சித்தி முகம் பக்கவாட்டுல இழுத்த பூரி மாவு மாதிரி! ''நான் இவ்ளோ குண்டாடா இருக்கேன்?''னு ஒரு வாரம் என்கிட்ட பேசலை. வைட் லென்ஸ் ஓரத்துல இருக்கறதை வெளிப்பக்கமா இழுக்கும். அது லென்ஸோட குத்தம் இல்லை. ஆளை ஓரத்துல நிறுத்தின என் குத்தம்.

மார்ச் கடைசி வாரம். கடையில பாதி சாமான் மூட்டை கட்டியாச்சு. சாயங்காலம் போய், ''அப்பா, ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கப்பா''னேன். வழக்கமான சிரிப்பு. ''என்னை எதுக்குடா…'' ஆனா உள்ளே போய் சட்டையை மாத்திட்டு, தலையைச் சீவிட்டு வந்தார்.

கேமராவை ட்ரைபாட்ல சுவரோட ஒட்டி வெச்சேன். கண்ணை பின்னாடி வைக்க வேண்டியதில்லை, மேலேர்ந்து குனிஞ்சு பார்க்கறதுதானே, அதனால ஒரு அங்குலம்கூட வீணாகலை. கொஞ்சம் அண்ணாந்தா சுவரெல்லாம் கோபுரம் மாதிரி உள்ளே சாயும், குனிஞ்சா வெளியே விரியும். பக்கத்துல வேலை பார்த்துட்டிருந்த கொத்தனார்கிட்ட ரசமட்டம் வாங்கி, கேமரா பக்கத்துல வெச்சு குமிழியை நடுவுக்குக் கொண்டு வந்தேன். கொத்தனாரும் வேடிக்கை பார்க்க வந்துட்டார்.

குனிஞ்சு பார்த்தேன். இடம் வலமா மாறித் தெரியற அந்தக் கண்ணாடியில, முதல் தடவையா எல்லாம் இருந்துச்சு. இந்தப் பக்கம் அன்னப்பறவை, அந்தப் பக்கம் டார்க் ரூம் கதவு.

அப்பாவைக் காணோம்.

நிமிர்ந்தா, ஃப்ரேமுக்கு வெளியே லைட் ஸ்டாண்ட் பக்கத்துல நின்னுட்டிருக்கார். முப்பத்தஞ்சு வருஷமா அவர் நிக்கற இடம் அதுதான். ''இல்லப்பா, நடுவுல வாங்க''னேன். வந்தார், ஆனா கதவு ஓரமா ஒதுங்கி நின்னார். ''ஓரத்துல நின்னா சித்தி மாதிரி ஆயிடுவீங்கப்பா!'' கொத்தனார் எதுக்குனு தெரியாமலே சிரிச்சார். அப்பாவும் சிரிச்சுட்டே நடுவுக்கு வந்தார். லென்ஸ்லேர்ந்து ஏழடி. அவர்லேர்ந்து ஸ்க்ரீன் வரைக்கும் எல்லாம் ஷார்ப்பா வரணும். எஃப் 16, ஐ.எஸ்.ஓ. 400 பிலிம், ட்யூப் லைட் வெளிச்சம். கணக்குப்படி ஒரு செகண்ட்.

மெக்கானிக் கழுவிக் கொடுத்த அதே ஒரு செகண்ட்!

''அசையாதீங்கப்பா.''

ஊருக்கே அந்த வார்த்தையைச் சொன்ன மனுஷன். சட்டுனு விறைப்பா நின்னார். கையை எங்க வெக்கறதுனு தெரியாம ரெண்டு தடவை மாத்தினார். கேபிளை அமுக்கினேன். 'க்ர்ர்ர்… டிக்.' மூணு படம் எடுத்தேன். மீதி ஒன்பதை அவர் எடுத்தார். காலி ரேக், ட்யூப் லைட், கொத்தனார், அப்புறம் நான்.

அன்னிக்கு ராத்திரியே அந்த டார்க் ரூம்ல ரோலைக் கழுவினோம். கடைசி டெவலப்பர், கடைசி ஹைப்போ. நெகட்டிவை கிளிப்புல தொங்கவிட்டு, அப்பா லூப் வெச்சு ரொம்ப நேரம் பார்த்தார். ''ரெண்டாவது நல்லா வந்திருக்கு. அதை ப்ரிண்ட் போடு''னார். அவ்வளவுதான். வீட்டுக்கு வர்ற வழியில ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை.

2023 ஏப்ரல்லேர்ந்து அந்த இடம் மொபைல் கவர் விக்கற கடை. அன்னப்பறவை எங்க வீட்டு மாடியில சுருட்டி கிடக்கு. அந்த ரெண்டாவது படம் ஹால்ல மாட்டியிருக்கு. வர்றவங்கள்லாம் அப்பாவைப் பார்க்கறாங்க. அப்பா மட்டும் பக்கத்துல போய் மூலைகளைப் பார்ப்பார். ''கதவு நேரா நிக்குது பாரு''ம்பார்.

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு கேமரா இருக்கலாம். வைட் லென்ஸ் வாங்கணும்னு தோணினா, முதல்ல நெட்ல விலை தேடாதீங்க. ஒரு இன்ச் டேப் எடுத்துக்குங்க. எந்த இடத்தை எடுக்கணும், எவ்வளவு தூரம் பின்னாடி போக முடியும்னு அளங்க. வகுத்துப் பாருங்க. 65 போதும்னா 65 வாங்குங்க, ஓரம் இழுக்கறது குறைச்சலா இருக்கும். 80-யே போதும்னா அந்தக் காசுக்கு பிலிம் வாங்குங்க. கழுவற செலவையும் சேர்த்தா இன்னிக்கு ஒரு க்ளிக்கே நூறு ரூபாயைத் தாண்டுது.

அப்புறம், அந்த கேமராவை வெச்சிருந்தவர் உங்க வீட்லயே இருந்தா, அவரை எப்படியாவது நடுவுல நிக்க வெச்சிடுங்க பாஸ். ஓரமா ஒதுங்குவார். விடாதீங்க!