ஐந்து நிமிடம்

நம் தமக்கையின் மகன் சென்ற ஆண்டு பழைய வேன் ஒன்றை வாங்கினான். பின்னிருக்கைகள் சிலவற்றைக் கழற்றிவிட்டுப் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி, அதனை ஒரு நடமாடும் வீடாகவே ஆக்கிவிட்டான். அவன் மனைவி மக்களோடு நம்மையும் சேர்த்து ஐந்து பேர் காயல்பட்டினத்திலிருந்து புறப்பட்டு, சத்தியமங்கலம் வழியே திம்பம் மலைப்பாதை ஏறி, திப்பு சுல்தான் அடங்கியிருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் செல்வதென்று முடிவாயிற்று.

புறப்படும் நாளில் சுப்ஹு தொழுதுவிட்டு வந்தபோது அவன் சாவியைக் கையில் வைத்திருந்தான். "என்ஜின் மூடியைத் திற, கூலண்ட் பார்க்க வேண்டும்" என்றோம்.

"போன மாதம் சர்வீஸில் எல்லாம் பார்த்தாயிற்று மாமா. ஏறுங்கள்."

"ஐந்து நிமிடம்தான்" என்றோம். அவன் சிரித்துக்கொண்டே திறந்தான்.

இதைப் பார்ப்பதற்கு அதிகாலையே ஏற்ற வேளை. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். என்ஜின் இரவெல்லாம் ஆறியிருக்க வேண்டும். சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திருகினால், அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பாய்ந்துவிடும். பக்கத்திலுள்ள வெண்ணிறத் தொட்டியில் இரண்டு கோடுகள் இருக்கும். நீர்மட்டம் அவ்விரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பலர் இதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுகின்றனர். அதிலுள்ள சுண்ணாம்பு உள்ளே படிந்து ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும், துருவும் ஏறும். எத்திலீன் கிளைக்காலும் வாலைவடி நீரும் சரிபாதி கலந்தால், வெறும் தண்ணீரைப்போல் 100 பாகையில் கொதிக்காது. மூடி தரும் அழுத்தத்தோடு 120 பாகையைத் தாண்டியும் தாங்கும். பச்சை, சிவப்பு என நிறத்தை நம்பி ஊற்றுவதும் தவறு. வண்டியின் கையேடு கூறும் வகையையே ஊற்ற வேண்டும். இன்னொன்று: இந்நீர் இனிக்கும் நஞ்சு. சிந்தியதைக் கழுவாமல் விட்டால் பூனை நக்கும். குழந்தையும் விரலை வாயில் வைக்கும்.

அவனுடைய வண்டியில் நீர் கீழ்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. "இவ்வளவுதானே மாமா?" என்றான். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு ஏறும் வண்டி சிறிய கியரில் ஊர்ந்து செல்லும். என்ஜின் வேகமாகச் சுழலும், எதிர்க்காற்றோ மிகக் குறைவு. குறைந்த நீரின் கணக்கு அங்கேதான் தெரியும்.

அரபியில் கொதிநீருக்கு 'ஹமீம்' என்று பெயர். நெருங்கிய உறவினரையும் உற்ற நண்பரையும் குறிப்பதும் அதே சொல்தான். மாணவர்களுக்கு இச்சொல்லைப் பாடமாகச் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஒரு நாள் நினைவுக்கு வரும். அந்நாளை இவனிடம் நாம் சொன்னதில்லை.

அது 2004 ஆம் ஆண்டு, மே மாதம். திண்டுக்கல்லில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். தாயில்லாத நம்மைத் தூக்கி வளர்த்த லாத்தா ஃபஜ்ரு நேரத்தில் மவுத்தாகிவிட்டதாகவும், அஸருக்குப் பின் அடக்கம் என்றும் செய்தி வந்தது. வாடகை வேன் ஒன்றை அழைத்தோம். அதன் ஓட்டுநர், "முன்னே ஒரு ஹோஸ் லேசாகக் கசிகிறது ஹஜரத். ரேடியேட்டரைப் பார்த்துவிட்டு எடுக்கிறேன், ஐந்து நிமிடம்" என்றார். நாம் விடவில்லை. "தவக்குல் வைத்து எடும்" என்றோம். தவக்குல் என்பதன் பொருளை வகுப்பில் மணிக்கணக்காக விளக்குபவர் நாம்!

விருதுநகர் தாண்டியதும் சூட்டுமுள் ஏறிற்று. பிறகு தானே இறங்கிற்று. அதைக் கண்டு இருவரும் நிம்மதியடைந்தோம். நீர் முற்றும் வற்றி, முள்ளுக்குச் செய்தி சொல்லும் கருவி வெறும் ஆவியில் நின்றதால்தான் அது இறங்கியதென்பது பின்னர்தான் தெரிந்தது. சாத்தூருக்கு அப்பால் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. நடு வெயில். நிழலுக்கு ஒரு கருவேல மரம். பேருந்து பிடித்து, மாறி மாறி ஏறி, ஊர் சேர்ந்தபோது மஃரிபு கடந்திருந்தது. கப்ரின் ஈரமண்ணருகே நின்றோம். மூன்று பிடி மண்ணிடும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நம் ஜிப்பாவைப் பற்றிக்கொண்டு, "ஏன் மாமா நேரத்தோடு வரவில்லை?" என்று கேட்டான்.

"வண்டி பழுதாகிவிட்டது" என்றோம். இத்தனை ஆண்டுகளாக அதுவே நம் விடை. கடன் வாங்கி அவ்வண்டியை ஓட்டிய அம்மனிதருக்குப் பழுதுச் செலவில் பாதியை மாதந்தோறும் அனுப்பித் தீர்த்தோம். எதற்காக அனுப்புகிறோம் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அன்று காலை, திறந்த மூடிக்கு முன்னால் நின்று, அவனிடம் சொன்னோம். வண்டியன்று, நாமே காரணம் என்றோம்.

அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை எடுத்துக் குனிந்து, ஹோஸ்கள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தான். இணைப்புகளில் வெண்படிவம் உண்டா என்று தடவினான். எண்ணெய்க் குச்சியை உருவி, பால் கலந்த தேநீரின் நிறம் தெரிகிறதா என்றும் பார்த்தான், தெரியவில்லை. பிறகு கலவையைச் சிறிது சிறிதாக ஊற்றி, மேற்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினான். சிந்திய துளியை ஈரத்துணியால் துடைத்தான்.

"அந்த டிரைவர் இப்போது எங்கே இருக்கிறார் மாமா?"

"திண்டுக்கல்லில்தான். வயதாகிவிட்டது, இப்போது ஓட்டுவதில்லை."

"வழியில்தானே" என்று சொல்லி மூடியைச் சாத்தினான்.