அகல உழுவதை விட ஆழ உழு

சால் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஏர் ஓட்டிய சால் ஞாபகம் வரும். கவலை இறைத்த காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீர் மொண்ட சால் ஞாபகம் வரும். எனக்கு மூன்றாவதாக ஒரு சால் உண்டு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் ‘சால்’ என்றால் கூடம். வகுப்பறையைக்கூட ‘சால் த கிளாஸ்’ என்றுதான் சொல்லுவோம். அதனால் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி “ஃபுட்சால்” என்று ஒரு விளையாட்டின் பெயரைச் சொன்னபோது, அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடத்துக்குள் ஆடும் கால்பந்து. ஸ்பானிய மொழியிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் கூடத்துக்கு இதே வேர்ச்சொல்தான். அங்கிருந்து வந்த பெயர் இது.

பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் ஒருவர் கோல்கீப்பர். இதற்கும் ஒரு உலகக் கோப்பை இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கடைசியில் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது.

பிறந்த ஊர் தென் அமெரிக்காவின் உருகுவே. 1930ல் முதல் உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தியதும் அவர்கள்தான், ஜெயித்ததும் அவர்கள்தான். தெருவெல்லாம் பந்து பைத்தியம். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மைதானம் எங்கே இருக்கிறது? தலைநகர் மொண்டேவிடியோவில் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி ஒரு வழி கண்டுபிடித்தார். கூடைப்பந்து ஆடும் கூடத்துக்குள்ளேயே கால்பந்தைக் கொண்டுவந்தார். ஐந்து ஆட்கள் என்ற கணக்கைக் கூடைப்பந்திலிருந்து எடுத்தார். கோல் கம்பத்தின் அளவை ஹேண்ட்பால் ஆட்டத்திலிருந்து எடுத்தார். நம் சென்னை நந்தனத்தில் ஹாரி பக் 1920ல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியும் இதே ஒய்.எம்.சி.ஏ.வினுடையதுதான்.

இடம் இல்லாத குறையில் பிறந்த விளையாட்டு என்பதைக் கவனியுங்கள். வசதி மிகுந்து பிறந்தது அல்ல.

இதன் விதிகளைப் படித்தபோது, வாழ்நாள் முழுக்கப் பதிவேடு எழுதிய எனக்கு ஒரே சந்தோஷம். சர்வதேச ஆட்டக் களம் சுமார் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஒரு பாதிக்கு 20 நிமிடம். பந்து வெளியே போனால் கடிகாரமும் நின்றுவிடும். காலைப் பிடித்துக்கொண்டு உருண்டு நேரம் கடத்தும் வேலையெல்லாம் இங்கே பலிக்காது. ஒரு அணி செய்யும் தப்பாட்டங்களை எண்ணிக்கொண்டே வருவார்கள். பாதி ஆட்டத்துக்குள் ஐந்து வரை பொறுப்பார்கள். ஆறாவது தப்பு என்றால், தடுப்புச் சுவர் இல்லாமல் நேராக கோலைப் பார்த்து அடிக்க எதிரணிக்கு உரிமை. பந்து வெளியே போனால் நான்கு விநாடிக்குள் உள்ளே போட வேண்டும். நான்கு வருஷம் நகராத கோப்புகளைப் பார்த்தவன் நான். நான்கு விநாடி என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன்.

பந்தும் வேறு. வழக்கமான கால்பந்தை விடச் சற்றுச் சிறியது, அதிகம் எகிறாது. அதனால் வானத்தைப் பார்த்து உதைப்பதில் பிரயோஜனமில்லை. பந்து தரையோடு வரும். உள்ளங்காலால் நிறுத்தி, நெருக்கடியில் திரும்பி, கண நேரத்தில் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஒதுங்கி நிற்க இடமே கிடையாது. பெரிய மைதானத்தில் பத்து நிமிடம் பந்து வராமல் நிற்கிற பிள்ளை, இங்கே நிமிடத்துக்கு நிமிடம் பந்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அகல உழுவதை விட ஆழ உழு என்று நம் குடியானவர்கள் சொல்வதும் இதைத்தானே. பிரேசிலின் ரொனால்டினோ போன்றவர்கள் சின்ன வயதில் இதை ஆடி வளர்ந்தவர்கள்.

உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா நடத்தும் ஃபுட்சால் உலகக் கோப்பை 1989ல் நெதர்லாந்தில் தொடங்கியது. பிரேசில் ஆறு முறை, ஸ்பெயின் இரண்டு முறை, அர்ஜென்டினாவும் போர்ச்சுகலும் ஒவ்வொரு முறை ஜெயித்திருக்கின்றன. கடைசியாக 2024ல் உஸ்பெகிஸ்தானில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் பிரேசில் 2-1 என்று அர்ஜென்டினாவைத் தோற்கடித்தது.

பழைய பாசத்தில் பிரான்ஸ் என்ன ஆயிற்று என்று தேடினேன். பெரிய கால்பந்தில் இரண்டு முறை உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ், இந்தச் சின்ன ஆட்டத்தின் உலகக் கோப்பைக்குள் முதன்முதலாக நுழைந்ததே 2024ல்தான். நுழைந்த முதல் தடவையே அரையிறுதி வரை போய், அர்ஜென்டினாவிடம் 2-3 என்று தோற்று, கடைசியில் நான்காம் இடம். தாமதமாக வருவது ஒரு குறையில்லை, வராமலே இருப்பதுதான் குறை.

2016 ஜூலையில் சென்னை ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கில் பிரீமியர் ஃபுட்சால் என்று ஒரு போட்டி நடந்தது. சென்னை அணிக்காக ஆட வந்தவர் பிரேசிலின் ஃபல்காவோ. இந்த விளையாட்டின் சக்கரவர்த்தி என்று பலர் சொல்லும் ஆள். அப்போது அவருக்கு வயது 39. இரண்டு மாதம் கழித்து கொலம்பியாவில் உலகக் கோப்பை. ஈரானோடு நடந்த ஆட்டத்தில் அவர் மூன்று கோல் போட்டும் 4-4 என்று சமநிலை ஆகி, பெனால்டியில் பிரேசில் தோற்று வெளியேறியது. அதுதான் அவருடைய கடைசி உலகக் கோப்பை ஆட்டம். ஜெயித்த ஈரானியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தோற்றுப் போன அந்த மனிதரைத் தூக்கி வானத்தில் போட்டுப் பிடித்து மரியாதை செய்தார்கள். பேத்தி கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டியபோது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஈரான் அந்த முறை மூன்றாம் இடம் பிடித்தது. ஆசிய நாடு ஐயா!

நம் நாடு? 2021ல்தான் டில்லியில் கிளப்புகளுக்கான தேசிய ஃபுட்சால் போட்டி தொடங்கியது. தேசிய அணி ஆசியக் கோப்பையின் தகுதிச் சுற்றில் முதன்முதலாக ஆடியது 2023ல், தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில். உலகக் கோப்பைக்கு இதுவரை போனதில்லை. நூற்று நாற்பது கோடிப் பேரில் ஐந்து பேருக்கா பஞ்சம்? ஆளுக்குப் பஞ்சமில்லை. தரைக்குத்தான் பஞ்சம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், நம் பக்கத்தில் அதுவும் பஞ்சமில்லை.

கொப்பரை காயப்போடும் களத்தைத்தான் சொல்கிறேன்.

ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்களிடம் சிமெண்ட் களத்துக்குக் குறைவில்லை. என் மைத்துனர் தோப்பிலும் இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன். நீளம் 90 அடி, அகலம் 55 அடி. உள்ளூர் ஃபுட்சால் ஆட்டத்துக்கு விதிப்படி குறைந்தது 25 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் வேண்டும். அதாவது ஏறக்குறைய 82 அடி, 53 அடி. நம் களம் தாராளமாகத் தேறிவிட்டது! கொப்பரை இல்லாத நாட்களில் பேத்தியும் தோப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் ஆடுகிறார்கள். பந்து எகிறாமல் இருக்கக் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுகிறார்கள். கோல் கம்பத்துக்கு இரண்டு தென்னை மட்டை.

அதில் ஒரு பையன், மரம் ஏறுகிறவருடைய மகன். குள்ளமாக இருக்கிறான் என்று பள்ளி அணியில் அவனைச் சேர்க்கவில்லை. களத்தில் வந்து பாருங்கள். மூன்று பேருக்கு நடுவில் பந்தைக் காலிலேயே ஒட்டி வைத்தாற்போல் திரும்புவான். இப்போது ஊருக்கு ஊர் பச்சைக் கம்பளம் விரித்து, வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் தலைக்கு நூறு ரூபாய் பங்கு போட முடிகிறவர்கள் உள்ளே ஆடுவார்கள். இவன் வலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவான்.

வாடல் நோயாலும் வெள்ளை ஈயாலும் காய்ப்புக் குறைந்து, களம் பாதி நாள் சும்மா கிடக்கிறது. போன மாதம் மைத்துனர் வந்து, “மாமா, களத்தை உடைச்சுப்போட்டு ஒரு குடோன் கட்டி வாடகைக்கு உட்டர்லாம்னு பார்க்கறனுங்க” என்றார். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். கடன் இருக்கிறது. என் மனைவியும் தம்பி பக்கம்தான். “வயசுக்கு வர்ற புள்ள, பசங்களோட பந்து ஆடறது போதுங்க” என்று அவளுக்கு அது ஒரு சாக்கு.

நான் வாதாடவில்லை. 2025ல் பிலிப்பைன்ஸில் பெண்களுக்கென்றே முதல் ஃபுட்சால் உலகக் கோப்பை நடந்த செய்தியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் பேத்திக்குத் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். மைத்துனரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “குடோனைக் களத்துக்கு மேற்கே, பட்டுப்போன ஆறு மரம் நிற்கிற இடத்தில் கட்டலாமே?” யோசிக்கிறேன் என்றிருக்கிறார். இதை எழுதும் வரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தப் பையன் உலகக் கோப்பைக்குப் போவான் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுடைய திறமை என்ன என்று அவனுக்கே தெரிவதற்கு ஒரு துண்டு சமதளத் தரை வேண்டும். அவ்வளவுதான். உருகுவேக்காரர்கள் மைதானம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இருந்த கூடத்தைத் திறந்துவிட்டார்கள்.

என் விண்ணப்பமும் இதுதான். உங்கள் தோப்பில் களம் இருந்தால், கொப்பரை இல்லாத நாளில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஓடு உடையும், சத்தம் இருக்கும். கூட்டி வைக்கச் சொல்லுங்கள், செய்வார்கள். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் தேங்காய் எண்ணெய்க்கா நம்மிடம் பஞ்சம்?